பட்டம் தவறிய பறவைகள்

ஆடி பிறந்துவிட்டால் ஊரில் பெரியவர்கள் அடிக்கடி அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியைத் திண்ணையில் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். பிழைப்பைத் தேடித் தமிழ்நாட்டுக்கு வெளியே வந்து குடியேறிவிட்ட நமக்கு, இன்று ஆடி என்பது சுவர்க் காலண்டரில் கிழிக்கும் சில தாள்கள் மட்டுமே. வயலும் இல்லை, வரப்பும் இல்லை. ஆனாலும் அந்தப் பழமொழியின் பொருள் மனத்தில் தங்கித்தான் இருக்கிறது. நல்ல விதை, வளமான மண், உழைக்கும் கை எல்லாம் இருந்தாலும் போதாது. நாள் தவறினால் அத்தனையும் வீண் என்பதே அது.

பட்டம் என்பது உழவனுக்கு மட்டும் உரியதா? இல்லை. உலகின் இரு கோடிகளிலும் பனியை நம்பி வாழும் கடற்பறவைகளுக்கும் ஒரு பட்டம் உண்டு. எந்த மாதம் முட்டையிடுவது, எந்த வாரம் குஞ்சு பொரிப்பது, எந்த நாளுக்குள் குஞ்சு கடலில் இறங்க வேண்டும் என்ற கணக்கு அவற்றின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. பனி உறைவதும் உடைவதும் கடலில் இரை பெருகுவதும் காலம் தவறாமல் நடக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட கணக்கு அது. அண்மைக் காலத்தில் அந்த நம்பிக்கை பொய்த்து வருகிறது. அப்போது என்ன நடக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

ஆடியில் பொரிக்கும் குஞ்சு

பெங்குயின்களில் மிகப் பெரியது எம்பரர் பெங்குயின். பெயருக்கு ஏற்ப இது சக்கரவர்த்திதான். நின்றால் நான்கு அடி உயரம் வரை இருக்கும். நன்கு கொழுத்த பறவை 40 கிலோ வரை எடை கொண்டது. அண்டார்டிகாவில் மட்டுமே வாழும் இந்தப் பறவை செய்யும் காரியம் விந்தையானது. மற்ற பறவைகள் கோடையில் குஞ்சு பொரிக்க, இது மட்டும் உலகின் மிகக் கொடிய குளிர்காலத்தின் நடுவில் முட்டையிடுகிறது! அதுவும் பெரும்பாலும் தரையில் அன்று. உறைந்த கடலின் மேல்.

தென் கோளத்தில் பருவங்கள் நமக்குத் தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும். மார்ச், ஏப்ரல் மாதங்களில், அதாவது நம் பங்குனி, சித்திரையில், கரையோரக் கடல் உறையத் தொடங்கியதும் இவை கூட்டம் கூட்டமாக வந்து சேரும். வைகாசி, ஆனியில் பெண் பறவை ஒரே ஒரு முட்டை இடும். இட்டதும் அதை ஆணின் பாதங்களுக்கு மாற்றிவிட்டு, இரை தேடித் திறந்த கடலுக்குப் போய்விடும். அதன் பிறகு ஏறத்தாழ 65 நாட்கள் அந்த முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, ஆண் பறவை அடைகாக்கும். சூரியனே எழாத இருட்டு, சுழன்றடிக்கும் காற்று, பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிர். ஆயிரக்கணக்கான ஆண்கள் தோளோடு தோள் நெருங்கி நின்று, ஒருவர் சூட்டில் ஒருவர் உயிர் பிழைப்பார்கள். கரைக்கு வந்த நாள் முதல் பெண் திரும்பும் வரை, கிட்டத்தட்ட நான்கு மாதங்கள், ஆணுக்கு ஒரு வாய் உணவும் கிடையாது. உடல் எடையில் ஏறக்குறைய நாற்பது சதவீதம் கரைந்துவிடும்.

இந்தக் குளிர் எப்படிப்பட்டது என்பதை 1911ஆம் ஆண்டில் மூன்று மனிதர்கள் அனுபவித்து அறிந்தார்கள். கேப்டன் ஸ்காட்டின் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-கேரார்ட் ஆகிய மூவர், இந்தப் பறவையின் முட்டைகளைச் சேகரிப்பதற்காக நடுக்குளிர்காலத்தில் கேப் குரோசியர் என்னும் இடத்துக்குச் சறுக்கு வண்டிகளைத் தாங்களே இழுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து வாரம் இருட்டில் அலைந்து, கூடாரத்தைக் காற்றில் பறிகொடுத்து, பின்பு தேடிக் கண்டெடுத்து, மூன்று முட்டைகளுடன் திரும்பினார்கள். அந்தக் குளிரில்தான் இந்தத் தகப்பன் பறவை மாதக் கணக்கில் அசையாமல் தவம் செய்கிறது.

குஞ்சு பொரிப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை. அதாவது, நாம் விதைக்கச் சொல்லும் அதே ஆடியில்! ஏன் இப்படிக் குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தது? கணக்கு இதுதான். குஞ்சு வளர்ந்து சொந்தக் காலில் நிற்க ஐந்து மாதம் வேண்டும். ஆடியில் பொரித்தால் மார்கழியில் அது கடலில் இறங்கும். மார்கழி அங்கே கோடையின் உச்சம். கடலில் இரை மிகுந்திருக்கும் நேரம். கோடையில் முட்டையிட்டால் குஞ்சு கடலில் இறங்கும்போது குளிர்காலம் வந்துவிடும், பிழைக்காது.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு நிபந்தனை உண்டு. குஞ்சின் உடலில் முதலில் முளைப்பது பஞ்சு போன்ற சாம்பல் நிற மென்தூவி. அது குளிரைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. நீர் ஒட்டாத இறகுகள் முளைக்க டிசம்பர் ஆகிவிடும். அதுவரை காலடியில் உள்ள பனித்தளம் உடையாமல் நிற்க வேண்டும். உடைந்தால்?

ஹாலி விரிகுடாவில் நடந்தது

உடைந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 2016இல் பார்த்தது. வெடல் கடலின் கரையில் ஹாலி விரிகுடா என்ற இடம் இருக்கிறது. ஓசோன் படலத்தில் ஓட்டை விழுந்திருக்கிறது என்று 1985இல் உலகுக்கு அறிவித்தார்களே, அதற்கான அளவீடுகள் எடுக்கப்பட்ட பிரிட்டிஷ் ஆய்வு நிலையம் உள்ள பகுதி இது. சக்கரவர்த்திப் பெங்குயின்களின் குடியிருப்புகளில் உலகிலேயே இரண்டாவது பெரியது இங்குதான் இருந்தது. ஆண்டுதோறும் 14,000 முதல் 25,000 ஜோடிகள் இங்கே கூடிக் குஞ்சு பொரித்து வந்தன. பனி நிலையாக நிற்கும் இடம் என்பதால், வேறெங்கு கெட்டாலும் இங்கே கெடாது என்றே விஞ்ஞானிகள் நம்பியிருந்தனர்.

2015இல் தொடங்கிய வலிமையான எல் நினோவை அடுத்து, 2016இல் கடும் புயல்கள் வீசின. டிசம்பர் வரை நிற்க வேண்டிய பனித்தளம் அக்டோபரிலேயே நொறுங்கிப் போயிற்று. குஞ்சுகளுக்கு அப்போது மென்தூவி மட்டுமே. அந்த ஆண்டின் குஞ்சுகளில் ஏறக்குறைய அனைத்தும் மாண்டன. அடுத்த ஆண்டும் பனி சரியாக உறையவில்லை. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அங்கே ஒரு தலைமுறையே எழும்பவில்லை.

இதை யாரும் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை என்பது இன்னொரு வியப்பு. பார்த்தது செயற்கைக் கோள். பல்லாயிரம் பறவைகள் மாதக் கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அவற்றின் எச்சம் வெண்பனியில் பழுப்புக் கறையாகப் படியும். அந்தக் கறை வானத்திலிருந்து தெரியும். இந்த முறையில்தான் 2012இல் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வுக் கழகத்தின் பீட்டர் ஃபிரெட்வெல்லும் அவரது குழுவினரும் முதன்முதலாக இந்த இனத்தை முழுமையாகக் கணக்கெடுத்தனர். 46 குடியிருப்புகள், சுமார் 5,95,000 பறவைகள் என்று அப்போது கண்டார்கள். அதன் பின்னும் புதிய குடியிருப்புகள் கண்டுபிடிக்கப்பட்டு இன்று எண்ணிக்கை அறுபதைத் தாண்டிவிட்டது.

ஹாலி விரிகுடாவின் கதையில் ஓர் ஆறுதலும் உண்டு. அங்கிருந்து 55 கி.மீ. தெற்கே டாசன்-லாம்டன் என்ற பனியாற்றின் அருகே சிறியதொரு குடியிருப்பு இருந்தது. 2015இல் அங்கே சுமார் 1,280 ஜோடிகள். 2018இல் அது 14,612 ஆயிற்று. வீடிழந்தவர்களில் பலர் அங்கே போய்க் குடியேறிவிட்டார்கள் என்பது தெளிவு. புலம்பெயர்தல் மனிதனுக்கு மட்டும் உரியதல்ல என்று நம் போன்றவர்கள் புரிந்துகொள்ளலாம். ஆனால் போவதற்குப் பக்கத்தில் ஒரு நல்ல இடம் இருந்தால்தானே போக முடியும்?

2022இல் அந்தக் கேள்வியும் எழுந்துவிட்டது. பெல்லிங்ஸ்ஹவுசன் கடலோரம் ஐந்து குடியிருப்புகள் உள்ளன. சிறியதான ராத்ஸ்சைல்டு தீவில் 630 ஜோடிகள் அளவிலும், பெரியதான ஸ்மைலி தீவில் 3,500 ஜோடிகள் அளவிலும் இருந்தன. அந்த ஆண்டு குஞ்சுகளுக்கு இறகு முளைப்பதற்கு முன்பே ஐந்தில் நான்கு இடங்களில் பனி போய்விட்டது. செயற்கைக் கோள் படங்களில் பழுப்புக் கறை இருந்த இடத்தில் கருநீலக் கடல் தெரிந்தது. ராத்ஸ்சைல்டு தீவு மட்டும் தப்பியது. ஓர் இடம் கெட்டால் அண்டையில் தஞ்சம் புகலாம். ஒரு வட்டாரமே கெட்டால் எங்கே போவது?

இதற்குப் பின்னணியாக ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அண்டார்டிகாவைச் சுற்றிய கடற்பனி, குளிர்காலத்தில் விரிந்து சுமார் 180 லட்சம் சதுர கி.மீ. பரப்பை மூடும், கோடையில் சுருங்கிச் சுமார் 30 லட்சமாகும். நம் இந்தியாவின் பரப்பு ஏறக்குறைய 33 லட்சம் சதுர கி.மீ. ஆக, ஓர் இந்தியா அளவிலிருந்து ஐந்து இந்தியா அளவுக்கு ஆண்டுதோறும் விரிந்து சுருங்கும் பனிப்போர்வை இது. 2014 வரை இது சற்றே கூடிக்கொண்டுதான் வந்தது. 2016இல் திடீரென்று சரிந்தது. 2022 பிப்ரவரியில், செயற்கைக் கோள் பதிவுகள் தொடங்கிய 1970களின் இறுதிக்குப் பிறகு முதல் முறையாக 20 லட்சத்துக்கும் கீழே போயிற்று. 2023 பிப்ரவரியில் 17.9 லட்சமாக மேலும் குறைந்தது.

பனி கூடினாலும் கேடு

'அப்படியானால் பனி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதுதானே' என்று வாசகர்கள் கேட்கலாம். அங்கேதான் விஷயம் இருக்கிறது. உழவனுக்கு மழை இல்லாவிட்டாலும் துன்பம். அறுவடை நாளில் மழை கொட்டினாலும் துன்பம். பறவைக்கும் அப்படியே.

அடேலி லாந்து என்ற பகுதியில் பிரான்ஸ் நாட்டின் டூமோன் டூர்வில் ஆய்வு நிலையம் உள்ளது. 2005இல் வெளிவந்து ஆஸ்கர் பரிசும் பெற்ற பெங்குயின் பற்றிய பிரெஞ்சு ஆவணப் படத்தைப் பார்த்தவர்கள், பார்த்தது இந்த இடத்தைத்தான். இங்குள்ள பெங்குயின்களை 1950களிலிருந்து பிரெஞ்சு விஞ்ஞானிகள் கவனித்து வருகிறார்கள். 1970களின் பிற்பகுதியில் கடல் வெப்பம் உயர்ந்து பனி குறைந்திருந்த சில ஆண்டுகளில், இங்கிருந்த சக்கரவர்த்திப் பெங்குயின்கள் பாதியாகக் குறைந்தன. அப்போது செத்தவை குஞ்சுகள் அல்ல, பெரிய பறவைகள். காரணம் இரை.

கடற்பனியின் அடிப்புறத்தில் நுண்ணிய பாசிகள் ஒட்டி வளர்கின்றன. நம் ஊர்க் கூனி இறாலை ஒத்த கிரில் என்னும் சிற்றுயிர், குளிர்காலத்தில் அந்தப் பாசியைச் சுரண்டித் தின்று பிழைக்கிறது. கிரிலை மீன் தின்னும். இரண்டையும் பறவை தின்னும். பனி குறைந்தால் பாசி குறையும், கிரில் குறையும், பறவையின் உணவும் குறையும். பனி அவற்றுக்குத் தொட்டில் மட்டும் அல்ல. தலைகீழாகத் தொங்கும் வயலும் அதுவே!

ஆனால் அதே இடத்தில் எடுத்த கணக்கு இன்னொன்றையும் காட்டியது. பனி மிகவும் விரிந்த ஆண்டுகளில் பொரிக்கும் குஞ்சுகள் குறைந்தன. பனியின் விளிம்பு தொலைவில் இருந்தால் தாய் பறவை இரை தேடி நெடுந்தூரம் நடக்க வேண்டும். திரும்பி வரவும் நாளாகும். பசியால் வாடும் ஆண், ஒரு கட்டத்தில் முட்டையை விட்டுவிட்டுத் தன் உயிரைக் காத்துக்கொள்ளக் கடலுக்குப் போய்விடும். ஆக, பனி குறைந்தால் பெரியவை பட்டினி. பனி மிகுந்தால் முட்டைக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுகிய பாதையில்தான் இந்தப் பறவையின் வாழ்வு நடக்கிறது.

அதே இடத்தில் வாழும் சிறிய இனமான அடேலி பெங்குயினின் கதை இதைவிடக் கொடுமை. இது கோடையில் தரையில் கூழாங்கற்களை அடுக்கிக் கூடு கட்டும் பறவை. 2013-14 கோடையில் அங்கே 20,196 ஜோடிகள் முட்டையிட்டன. கடற்பனி உடையாமல் வெகுதூரம் பரவி நின்றது. பெற்றோர் இரை கொண்டுவர நாட்கள் பல ஆயின. அதோடு, அண்டார்டிகாவில் அரிதான ஒன்று நடந்தது: மழை பெய்தது. மென்தூவி நனைந்த குஞ்சுகள், அடுத்து வந்த குளிரில் விறைத்துப் போயின. அந்த ஆண்டு ஒரு குஞ்சுகூடப் பிழைக்கவில்லை. 2016-17இல் மீண்டும் பனி விலகவில்லை. 18,163 ஜோடிகள் முட்டையிட்டன. பிழைத்த குஞ்சுகள் எத்தனை தெரியுமா? இரண்டே இரண்டு!

ஆயிரக்கணக்கில் கூடுகள், இரண்டே குஞ்சுகள். 2010இல் அருகிலிருந்த மெர்ட்ஸ் பனியாற்றின் நாக்கு போன்ற நீட்சி முறிந்து விழுந்த பின், அந்த வட்டாரத்தில் பனி தேங்கும் முறையே மாறிவிட்டது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். பூமி சூடாகிறது என்றால் எல்லா இடத்திலும் பனி சமமாக உருகும் என்று பொருள் அல்ல. எங்கே எப்போது என்ன இருக்க வேண்டுமோ, அது அங்கே அப்போது இல்லாமல் போகிறது என்பதே பொருள்.

மைத்ரிக்கு அண்டை வீட்டார்

இதுவரை சொன்னவை யாவும் பிற நாட்டார் நிலையங்களின் பக்கம். இனி நம் நாட்டின் பக்கத்து வீட்டுக்கு வருவோம். 1982 ஜனவரியில் டாக்டர் காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு அண்டார்டிகாவில் கால் வைத்தது. பிறகு தட்சிண கங்கோத்ரி, 1989இல் மைத்ரி, 2012இல் பாரதி என்று நம் நிலையங்கள் எழுந்தன. மைத்ரி இருப்பது குயீன் மாட் லாந்து என்ற பகுதியில். அதற்கு மேற்கே முந்நூறு கி.மீ.க்குள், கடலிலிருந்து 200 கி.மீ. உள்ளே, பனிக்கடலில் தீவு போலத் தலைநீட்டும் ஸ்வார்த்தமாரன் என்ற பாறை மலை உண்டு.

அந்த மலைச்சரிவில் அண்டார்டிக் பெட்ரல் என்ற கடற்பறவை கூடு கட்டுகிறது. புறாவைவிடச் சற்றுப் பெரிய பறவை. இரை கடலில், வீடு 200 கி.மீ. உள்ளே! ஏன் இவ்வளவு தூரம்? அந்தப் பனிக்கண்டத்தில் கூடு வைக்க வெற்றுப் பாறை கிடைப்பது அரிது. பனி மூடாத தரை எங்கே இருக்கிறதோ, அங்கே பறந்து போய்த்தான் ஆக வேண்டும். 1985 முதல் 2020 வரை அங்கே ஆண்டுக்கு 20,000 முதல் 2,00,000 வரை கூடுகள் இருந்தன. தூய வெள்ளை நிறப் பனிப் பெட்ரலும், இவற்றின் முட்டையைத் திருடித் தின்னும் ஸ்குவாவும் அதே மலையின் குடிகள்.

2021 டிசம்பரிலும் 2022 ஜனவரியிலும், முட்டையிட்டு அடைகாக்கும் வேளையில், அந்த மலையில் வழக்கத்துக்கு மாறான பனிப்புயல்கள் வீசின. பாறை முழுவதும் ஆழமான பனியால் மூடிவிட்டது. முட்டையிட இடமே இல்லை. கணக்கெடுக்கப் போன நார்வே நாட்டு விஞ்ஞானிகள் ஸ்வார்த்தமாரனில் கண்டது, கூட்டில் அமர்ந்த மூன்றே மூன்று அண்டார்டிக் பெட்ரல்கள். பனிப் பெட்ரல் ஒரு சில. ஸ்குவாவின் கூடு ஒன்றுகூட இல்லை.

பனிப்புயல் அங்கே புதிதா என்று கேட்கலாம். புதிதல்ல, ஆண்டுதோறும் சில கூடுகள் அழிவது வழக்கம். ஆனால் ஒரு வட்டாரம் முழுவதும் ஒரே பருவத்தில் வெறுமையானது வழக்கத்தில் இல்லாதது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கும் ஈரம் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடும். அந்த ஈரம் நம் ஊரில் பெருமழையாகக் கொட்டும். அங்கே பெரும்பனியாகக் கொட்டும். நம் நகரங்களில் ஒரு மாத மழை ஒரே நாளில் பெய்து வீதிகள் ஆறாகும்போது நாம் படும் பாட்டுக்கும், அந்த மலையில் கூடிழந்த பறவையின் பாட்டுக்கும் வேர் ஒன்றுதான்.

வடதுருவத்தில் ஒரு காவல்காரர்

தென்துருவத்தை விட்டு வடதுருவத்துக்கு வருவோம். அலாஸ்காவின் வடகோடியில் கூப்பர் தீவு என்ற மணல் திட்டு உண்டு. 1970களின் தொடக்கத்தில் ஜார்ஜ் டிவோக்கி என்ற இளம் ஆராய்ச்சியாளர் அங்கே போனபோது, அமெரிக்கக் கடற்படை என்றோ விட்டுச்சென்ற பழைய மரப்பெட்டிகளுக்கு அடியில் கறுப்பு கில்லிமாட் என்ற கடற்பறவை கூடு வைத்திருப்பதைக் கண்டார். பொந்தில் மட்டுமே முட்டையிடும் பறவை இது. 1975 முதல் ஒவ்வொரு கோடையிலும் அந்தத் தீவில் தங்கி இந்தப் பறவைகளைக் கணக்கெடுப்பதையே அவர் தம் வாழ்நாள் பணியாக்கிக் கொண்டார். அரை நூற்றாண்டுக் காலம் ஒரே திட்டு, ஒரே பறவை!

தொடக்கத்தில் பத்து ஜோடிகள். அவர் மேலும் பெட்டிகளை அமைத்துக் கொடுக்க, 1989இல் 225 ஜோடிகள் வரை பெருகின. இந்தப் பறவை முட்டையிட்டுக் குஞ்சை வளர்த்தெடுக்கப் பனி மூடாத எண்பது நாட்களாவது வேண்டும். முன்பெல்லாம் அவ்வளவு நீண்ட கோடை அங்கே கிடையாது. பூமி சூடாகக் கோடை நீண்டது. பறவைக்கு வாழ்வு வந்தது. ஆகா, வெப்பம் நன்மை செய்கிறதே என்று சொல்லத் தோன்றும் அல்லவா?

அந்த நன்மை நிலைக்கவில்லை. இந்தப் பறவை குஞ்சுக்கு ஊட்டுவது ஆர்க்டிக் காட் என்ற கொழுப்பு மிகுந்த சிறு மீன். அந்த மீன் கடற்பனியை ஒட்டி வாழ்வது. வெப்பம் மேலும் கூடியதும் கோடையில் பனியின் விளிம்பு கரையை விட்டுத் தொலைவுக்குப் போய்விட்டது. மீனும் அதோடு போயிற்று. பெற்றோர் கரையோரத்தில் கிடைத்த, முள்ளும் தலையுமான சத்துக் குறைந்த மீனைக் கொண்டுவந்தன. இரண்டு குஞ்சில் இளையது பட்டினியால் சாவது வழக்கமாயிற்று. தெற்கேயிருந்து பஃபின் பறவைகள் வந்து பொந்துகளைப் பறித்தன. நிற்கப் பனி இல்லாமல் கரையேறிய துருவக் கரடிகள் 2002 முதல் கூடுகளைக் கவிழ்த்துக் குஞ்சுகளைத் தின்றன. மரப்பெட்டிகளை மாற்றிக் கரடி உடைக்க முடியாத பிளாஸ்டிக் பெட்டிகளை வைத்தார் டிவோக்கி. கரடியைத் தடுக்க முடிந்தது. பனி விலகுவதைத் தடுக்க முடியவில்லை. 2016இல் எண்ணிக்கை நூறு ஜோடிக்கும் கீழே வந்தது. அதன் பின்னும் சரிந்தது. எந்த வெப்பம் வாழ்வு கொடுத்ததோ, அதே வெப்பம் ஒருவர் பணிக்காலத்துக்குள்ளேயே அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது.

விதைநெல்லின் கணக்கு

இவ்வளவு குஞ்சுகள் செத்தும் இந்த இனங்கள் ஏன் இன்னும் அழியவில்லை? அதற்கும் விடை உழவனிடம் இருக்கிறது. துருவக் கடற்பறவைகள் நீண்ட ஆயுள் உடையவை. சக்கரவர்த்திப் பெங்குயின் இருபது ஆண்டுகள் வாழும். ஐந்து வயது வாக்கில்தான் முதல் முட்டை. பெட்ரல்களும் பல்லாண்டு வாழ்பவை. ஆண்டுக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாதவை. கெட்ட ஆண்டு வரும் என்று தெரிந்தே இயற்கை இப்படி அமைத்திருக்கிறது. குஞ்சு என்பது அந்த ஆண்டின் விளைச்சல். பெரிய பறவை என்பது விதைநெல். விளைச்சல் ஒரு முறை பொய்த்தாலும் விதைநெல் பத்திரமாக இருந்தால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். அதனால்தான் ஆண் பெங்குயின் பசி எல்லை மீறும்போது முட்டையைக் கைவிடுகிறது. அது கல்நெஞ்சம் அல்ல, குடும்பக் கணக்கு.

ஆனால் இந்தக் கணக்கு தாங்குவது எப்போதாவது வரும் கெட்ட ஆண்டுகளைத்தான். ஹாலி விரிகுடா போல மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பொய்த்தால், பழையவை மூப்படைய, இடம் நிரப்பப் புதியவை இல்லாமல் போகும். அடேலி லாந்தில் போல விதைநெல்லே அழிந்தாலோ, மீள்வது மிகவும் கடினம். 1970களில் பாதியான அந்தக் குடியிருப்பு பல பத்தாண்டுகள் கடந்தும் பழைய நிலையை எட்டவில்லை. கரியமில வாயு இன்றைய வேகத்திலேயே பெருகினால், இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் சக்கரவர்த்திப் பெங்குயின்களின் குடியிருப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஏறத்தாழ வெறுமையாகிவிடும் என்று கணிக்கிறார்கள். 2022இல் அமெரிக்கா இந்தப் பறவையை ஆபத்துக்குள்ளான இனங்களின் சட்டப் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் பறவையை வேட்டையாடுவோர் இல்லை. இது வாழும் இடத்தில் ஆலையும் இல்லை, சாலையும் இல்லை. வேலி போட்டுக் காக்கவும் வழி இல்லை. பல்லாயிரம் கி.மீ. தொலைவில் எரியும் அடுப்பின் சூடு அதன் காலடிப் பனியை உருக்குகிறது. அந்த அடுப்புகளில் ஒன்று நம்முடையது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அண்டார்டிகா உடன்படிக்கை நாடுகள் 2007இல் நம் புதுதில்லியிலும், 2024இல் கொச்சியிலும் கூடிப் பேசின. 2022இல் நம் நாடாளுமன்றம் அண்டார்டிகாவுக்கென்று தனிச் சட்டமும் இயற்றியது. அந்த மன்றத்தில் எல்லா நாடுகளும் ஒருமித்தால்தான் எதுவும் நிறைவேறும். அங்கே வாக்குள்ள நாடுகளில் நம் நாடும் ஒன்று. எனவே இது யாரோ எங்கோ பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் அன்று.

அடுத்த ஆடியில் காலண்டர் தாளைக் கிழிக்கும்போது ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அதே வாரத்தில், பூமியின் தென்கோடியில், மெலிந்து போன ஒரு தகப்பன் பறவையின் பாதங்களுக்கு நடுவே முட்டையின் ஓடு விரிசல் விடும். அந்தக் குஞ்சுக்குத் தேவை காலடியில் ஐந்து மாதம் உடையாமல் நிற்கும் பனி. பட்டம் தவறாமல் தன் பங்கை அந்தப் பறவை செய்துவிட்டது. பனியை நிற்க வைக்கும் பங்குதான் பாக்கி. அது நம்மிடம் இருக்கிறது.